ஸ்விங் அவுட் 5-ம் எண்ணில் முட்டுகிறது: லீட், ஃபாலோ நுட்பமும் ஸ்டைலிங்கும்

எட்டாம்பீட் எழுதியது:

ஸ்விங் இசைக்கு ஜோடியாக ஆடும் லிண்டி ஹாப் நடனக்காரர்களிடம் ஒரு கேள்வி. நிமிடத்துக்கு 140, 150 பீட்டில் ஒழுங்காக வரும் ஸ்விங் அவுட் (ஃபாலோ உள்ளே வந்து, சுற்றி, மீண்டும் வெளியே போகும் எட்டு எண்ணிக்கை அடவு), 180-ஐத் தாண்டியதும் 5-ம் எண்ணில் முட்டிக்கொள்கிறது. லீட் (வழிநடத்துபவர்) கையால் தள்ளினால்தான் ஃபாலோ (பின்தொடர்பவர்) வெளியே போகிறார். 1-2-ல் ஸ்விவல், அதாவது இடுப்பு முறுக்கு, போட ஃபாலோவுக்கு நேரமே கிடைப்பதில்லை. பழைய படச்சுருள்களில் நியூயார்க்கின் சவாய் நடனக்கூடத்து ஆட்டக்காரர்களிடம் பார்க்கிற அந்தத் தாழ்ந்த, முன்சாய்ந்த உடல்வாகுக்கு லீட் முயன்றால் கூன் விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. மூன்றையும் தனித்தனியாகத் திருத்த வேண்டுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

கால்கணக்கு எழுதியது:

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். எந்த எண்ணில் உடல் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பது இருவரிடமும் தெளிவாக இல்லை. அது தெளியாமல் மேலே எந்த ஸ்டைலிங் போட்டாலும் வேகம் கூடியதும் உதிர்ந்துவிடும்.

முதலில் கால் கணக்கு. லீடுக்கு 1 இடது, 2 வலது, 3&4 இடது-வலது-இடது, 5 வலது, 6 இடது, 7&8 வலது-இடது-வலது. & என்பது இரண்டு பீட்டுக்கும் நடுவில் விழும் அடி. ஃபாலோவுக்கு எல்லாமே எதிர்க்கால். 1-ல் லீட் இடது காலைப் பின்னால் வைக்கிறார். ஃபாலோ முன்னோக்கி நடந்து வருகிறார். ஃபாலோவும் சேர்ந்து பின்னால் ராக் ஸ்டெப் (ஒரு கால் பின்னால் வைத்து, எடையை மீண்டும் முன்காலுக்குக் கொண்டுவருவது) வைப்பது 6 எண்ணிக்கை அடவுகளிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் பழக்கம். ஸ்விங் அவுட்டில் அதை வைத்தால் அரை பீட் அங்கேயே கைவிட்டுப் போய்விடும், பிறகு 3&4-ல் ஓடித்தான் பிடிக்க வேண்டும்.

இப்போது உங்கள் 5. அங்கே முட்டுவது 4-ல் நடந்த தவறின் விளைவு. ஒரு சோதனை செய்து பாருங்கள். இசை இல்லாமல் 1 முதல் 4 வரை ஆடி அப்படியே உறையுங்கள். லீட் வலது காலைத் தரையிலிருந்து ஒரு தாள் உயரம் தூக்க வேண்டும், ஃபாலோ இடது காலைத் தூக்க வேண்டும். இருவரும் சாயாமல், ஒருவரை ஒருவர் பிடித்துத் தொங்காமல் நிற்க முடிந்தால் 4 சரி. பெரும்பாலும் யாராவது ஒருவருக்கு எடை இரண்டு காலிலும் பாதிப்பாதியாக இருக்கும். 150-ல் அந்த எடையை மாற்றிக்கொள்ள நேரம் உண்டு, 180-ல் இல்லை. அதனால்தான் லீடின் கை தள்ளத் தொடங்குகிறது.

இன்னொரு காரணம் லீட் நிற்கும் இடம். 4-ல் நேருக்கு நேர் வந்தபின் சுழற்சி தொடர்ந்தால்தான் ஃபாலோ 5, 6-ல் பின்னோக்கி வெளியேற வழி பிறக்கும். லீட் 5-ல் வலது காலை இடது காலுக்குப் பின்னால் வைத்து மார்பைத் திறக்க வேண்டும். அந்தக் காலை முன்னாலோ பக்கத்திலோ வைத்தால் அவருடைய இடுப்பே கதவை அடைத்துக்கொண்டு நிற்கும். சுழற்சி 4-ல் நின்றுபோனால் 5-ஐ மறுபடி சும்மாவிலிருந்து கிளப்ப வேண்டும், அதற்கு எந்தத் தோளும் போதாது.

மெல்லடி எழுதியது:

கால்கணக்கு சொன்னதில் ஃபாலோ பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4-ல் ஃபாலோ நிற்பதில்லை. எடை வலது காலில் முழுதாக இறங்குகிறது, முட்டி மடங்கி அந்த வேகத்தை வாங்கிக்கொள்கிறது, உடனே 5-க்குத் திருப்பித் தருகிறது. முட்டியை நீட்டி வைத்தால் வந்த வேகம் முழுவதும் லீடின் வலது கையில் போய் இடிக்கும். அவர் தள்ளுகிறார் என்று ஃபாலோ நினைப்பார், ஃபாலோ கனக்கிறார் என்று அவர் நினைப்பார். இருவரும் உணர்வது ஒரே இடியைத்தான்.

நேர்மாறான தவறும் உண்டு. 5 வரப்போகிறது என்று தெரிந்து ஃபாலோ தானாகவே சுற்றி வெளியேறிவிடுவது. பார்க்க வேகமாகத் தெரியும். ஆனால் லீட் அதே 5-ல் விடாமல் இன்னொரு சுற்று லிண்டி சர்க்கிளாக எடுக்க நினைத்திருந்தால் அங்கே கை முறுக்கிக்கொள்ளும். முதுகில் இருக்கும் லீடின் கை எப்போது லேசாகிறது என்பதை முதுகாலேயே கேட்க வேண்டும். அதற்கு முதுகு அந்தக் கையின் மேல் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். கையை விட்டு முன்னால் ஓடும் முதுகுக்கு எதுவும் கேட்காது.

வலதுகரம் எழுதியது:

அந்தக் கையைப் பற்றி லீடுகளுக்கு ஒரு வார்த்தை. வலது உள்ளங்கை ஃபாலோவின் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, தட்டையாக, விரல்கள் சேர்ந்து இருக்கட்டும். விரல் நுனியால் கொக்கி போடக்கூடாது. 5-ல் மார்பு திறக்கும்போது கையும் கூடவே திறக்கும், தனியாக எடுக்க வேண்டியதில்லை. 6 வரை பிடித்துக்கொண்டே இருந்தால் ஃபாலோவின் தோள் பின்னால் இழுபட்டு இடுப்பு மட்டும் வெளியே போகும். 7&8 கோணலாக முடிவதற்குப் பாதி காரணம் இதுதான்.

பயிற்சிக்கு ஒன்று: இடது கையைப் பிடிக்காமல், வலது கையை மட்டும் வைத்து 3&4 முதல் 6 வரை ஆடிப் பாருங்கள். ஃபாலோ சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் உங்கள் உடல் வழிநடத்துகிறது என்று பொருள். அடுத்து வலது கையைத் தொங்கவிட்டு இடது கைப்பிடியில் மட்டும் முழு ஸ்விங் அவுட். இதில்தான் 1-ல் முழங்கையை மடக்கி இழுக்கும் பழக்கம் வெளியே தெரியும்.

கைப்பிடியில் கட்டைவிரலுக்கு வேலை கிடையாது. லீடின் விரல்கள் வளைந்து மேல்நோக்கி, ஃபாலோவின் விரல்கள் அதில் தொங்கும். கட்டைவிரலால் பூட்டினால் டக் டர்னில் (ஃபாலோவைச் சற்று உள்ளே திருப்பிப் பிறகு வெளியே சுழற்றிவிடும் திருப்பம்) ஃபாலோவின் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். அங்கே வரும் வலியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வலித்தால் பிடியை மாற்றும்வரை அந்தத் திருப்பம் வேண்டாம்.

எட்டாம்பீட் எழுதியது:

4-ல் உறையும் சோதனையைச் செய்தோம். இரண்டு பேருக்குமே எடை பாதிப்பாதிதான். 3&4 டிரிப்பிள் ஸ்டெப்பிலேயே கோளாறு என்று தெரிகிறது. மூன்று அடிகளும் சம இடைவெளியில் விழுகின்றன.

தகிட எழுதியது:

சம இடைவெளியில் விழுந்தால் அது ஸ்விங் ஆகாது. நம் காதுக்குப் பழகிய வழியில் சொல்கிறேன். ஒவ்வொரு பீட்டையும் திஸ்ரமாக, அதாவது மூன்றாகப் பிரித்து "தகிட" என்று வாயால் சொல்லுங்கள். 3-ம் பீட்டின் "த"-வில் முதல் அடி, "கி"-யில் எதுவும் இல்லை, "ட"-வில் இரண்டாம் அடி, 4-ம் பீட்டின் "த"-வில் மூன்றாம் அடி. அதாவது நடு அடி தாமதமாக வந்து கடைசி அடியோடு ஒட்டிக்கொள்கிறது. முதல் அடி நீளம், இரண்டாவது குட்டை, மூன்றாவதில் எடை முழுவதும் இறங்கி நிற்க இடம் கிடைக்கிறது. கால்கணக்கு கேட்ட "4-ல் முழு எடை" இந்தத் தாமதத்தால்தான் சாத்தியமாகிறது.

கால் அசையாமல், சமையலறையில் நின்றபடி முட்டியால் மட்டும் ஒவ்வொரு "த"-விலும் கீழே அமுங்கிப் பழகுங்கள். பல்ஸ் என்பது அதுதான். மேலே துள்ளுவது அல்ல, தரைக்குள் அமுங்குவது. தோளும் தலையும் துள்ளினால் பல்ஸ் முட்டியில் இல்லை.

வேகம் ஏற ஏற இந்த நீளக்குட்டை மங்கி, இசையே சம இடைவெளியை நோக்கிப் போகும். 220, 240 பீட்டில் டிரம்மரின் சிம்பலைக் கவனித்தால் தெரியும். அங்கே தகிட சொல்லிக்கொண்டிருந்தால் பின்தங்கிவிடுவீர்கள். ஆனால் 180 இன்னும் தகிட வேகம்தான்.

சவாய்ப்பித்து எழுதியது:

உடல்வாகு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹார்லெமில் லெனாக்ஸ் அவென்யூவில் 140, 141-ம் தெருக்களுக்கு நடுவே 1926 முதல் 1958 வரை இயங்கியது சவாய் பால்ரூம். கறுப்பின இளைஞர்கள் அந்தத் தளத்தில் வளர்த்தெடுத்த நடனம் இது. ஷார்ட்டி ஜார்ஜ் ஸ்னோடன் தலைமுறை கொஞ்சம் நிமிர்ந்து ஆடியது. முன்சாய்ந்து, கால்களை நீட்டி, ஓட்டப்பந்தய வீரர்போல் உடலைத் தரையோடு படிய வைத்தது 1930-களில் வந்த ஃபிராங்கி மேனிங். 1941-ல் வந்த ஹெல்ஸாபாப்பின் படத்தின் நடனக் காட்சியில் அவரும் ஆன் ஜான்சனும் கடைசி ஜோடியாக வருகிறார்கள். அதை வேகம் குறைத்துப் பார்த்து அவருடைய முதுகை மட்டும் கவனியுங்கள். முதுகு வளையவில்லை, இடுப்பு மூட்டில்தான் மடிகிறது.

கூன் விழுவது அங்கேதான். மடிப்பு இடுப்பு மூட்டில் இல்லாமல் நெஞ்சில் விழுந்தால் கூன். ஒரு நீளக் குச்சியைத் தலையின் பின்புறம், முதுகின் நடு, இடுப்பின் பின்புறம் மூன்றிலும் படும்படி பிடித்துக்கொண்டு மடியுங்கள். மூன்றும் குச்சியை விடாமல் எவ்வளவு மடிய முடிகிறதோ அவ்வளவுதான் இன்றைக்கு உங்கள் அளவு. எடை பாதத்தின் முன்பகுதிக்கு மேலே இருக்க வேண்டும். குதிகாலில் உட்கார்ந்தபடி மார்பை மட்டும் முன்னால் தள்ளினால் 1-ல் பின்னால் விழுவீர்கள்.

மெல்லடி எழுதியது:

ஃபாலோவுக்கும் அதே மடிப்பு உண்டு. லீட் எவ்வளவு தாழ்கிறாரோ அதே அளவு என்று கட்டாயமில்லை. இருவர் உயரமும் வேறாக இருந்தால் அளவும் வேறாக இருக்கும்.

இனி ஸ்விவல். ஆரம்பத்தில் ஃபாலோவும் 1-2-ல் லீடைப் போலப் பின்வைத்து ஆடியதாகவும், அந்த இடத்தில் முறுக்கை முதலில் கொண்டுவந்தவர் சவாய் ஆட்டக்காரர் ட்விஸ்ட்மவுத் ஜார்ஜுடன் ஆடிய எடித் மேத்யூஸ் என்றும் ஃபிராங்கி மேனிங் சொல்லியிருக்கிறார். கலிஃபோர்னியா பக்கம் டீன் காலின்ஸுடன் ஆடிய ஜூவல் மெகோவனின் ஸ்விவல்களை இன்றும் ஃபாலோக்கள் திரும்பத் திரும்பப் பார்த்துப் படிக்கிறார்கள்.

செய்முறை: முதலில் மிதி, பிறகு திருப்பு. 1-ல் வலது முன்பாதம் தரையில் பதிகிறது, எடை ஏறுகிறது, அந்த எடையின் மேலேதான் பாதமும் முட்டியும் இடுப்பும் சேர்ந்து திரும்புகின்றன. 2-ல் இடது காலில் மறுபக்கம். திருப்பிக்கொண்டே மிதித்தால் சறுக்கல்தான் வரும், முறுக்கு வராது. குதிகால் தரையை விட்டு இம்மியளவு எழுந்தால் போதும். முட்டிகள் ஒன்றையொன்று உரசிப் போகட்டும், கால்கள் அகன்றால் முறுக்கு இடுப்புக்கு ஏறாது. ஒவ்வொரு அடியும் ஒரு பாத நீளத்துக்கு மேல் வேண்டாம்.

மார்பு மட்டும் லீடைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். கீழே திரும்புவதற்கும் மேலே திரும்பாமல் இருப்பதற்கும் இடையில் வருவதுதான் அந்த அழகு. மார்பை நிலையாக வைப்பது ஃபாலோவின் வலது கையில் இருக்கும் இழுவிசை. 8-ன் முடிவில் இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் சற்று விலகி நிற்கும் அந்த இழுப்பு இல்லாவிட்டால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் ஸ்விவல் இடுப்பை ஆட்டுவதாகத்தான் தெரியும்.

கால்கணக்கு எழுதியது:

மெல்லடி அக்கா சொன்ன கடைசி வரியை லீடுகள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஃபாலோவுக்கு ஸ்விவல் வரவில்லை என்றால் முதலில் லீடின் 1-ஐச் சோதியுங்கள். லீட் முழங்கையால் இழுத்தால் ஃபாலோவின் தோள் முதலில் வரும், கால்கள் பின்னால் ஓடிவரும், முறுக்க நேரம் இருக்காது. முழங்கை கொஞ்சம் தளர்ந்து, அதே கோணத்தில் இருக்க, இடது கால் பின்னால் போவதால் உடல் பின்னால் போக வேண்டும். அந்த விசை தோள்பட்டைக்குக் கீழே முதுகில் உணரப்பட வேண்டும், புஜத்தில் அல்ல.

2 முடியும்வரை ஃபாலோவை அவசரப்படுத்தாதீர்கள். அவர் வரும் பாதையிலிருந்து விலகி, 3-ல் நீங்கள் அவரை நோக்கிப் போங்கள்.

நேர்கோடு எழுதியது:

இந்த இழையில் எல்லோரும் வட்டமான சவாய் ஸ்விங் அவுட்டையே ஒரே வழிபோலப் பேசுகிறீர்கள். கலிஃபோர்னியா பக்கத்து ஹாலிவுட் பாணியில் ஃபாலோ ஒரு நேர்கோட்டில் வந்து நேர்கோட்டில் போகிறார், லீட் முன்சாயாமல் சற்றுப் பின்னால் உட்கார்ந்து எதிர் எடை கொடுக்கிறார். 180-ல் 5-ல் முட்டுபவர்களுக்கு அது சுலபமான தீர்வு. சுற்றவேண்டிய கோணமே குறைவு.

சவாய்ப்பித்து எழுதியது:

சுலபம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நேர்கோட்டில் ஃபாலோவின் ஓட்டத்தை 4-ல் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும், அதற்கு இருவரின் முட்டியும் இன்னும் ஆழமாக மடங்க வேண்டும். எடை தெளிவில்லாதவர்களுக்கு அங்கே இடி இன்னும் பலமாக விழும். சவாய், ஹாலிவுட் என்ற இந்தக் கட்சிப் பிரிப்பு இந்த நடனத்தை மீண்டும் உயிர்ப்பித்த 1990-களின் மீட்பு அலையில் வலுத்த ஒன்று. டீன் காலின்ஸின் ஆட்டத்தை எடுத்துப் பார்த்தால் வட்டமும் உண்டு. ஹார்லெம் ஆட்டங்களில் நேர்கோடும் உண்டு.

நேர்கோடு எழுதியது:

முட்டி ஆழம் பற்றிச் சொன்னது சரி, ஏற்கிறேன். ஆனால் இடம் குறைவான தளத்தில் நேர்கோடுதான் பக்கத்து ஜோடியைக் காப்பாற்றும். நெரிசல் அதிகமானால் அதையும் விட்டுவிட்டு பல்போவா என்ற இன்னொரு ஸ்விங் நடனத்துக்கு மாறுவது இன்னும் நல்லது. தெற்குக் கலிஃபோர்னியாவில் அது மார்போடு மார்பாக, சின்னச் சின்னக் கால்வைப்பாக வளர்ந்ததற்கு நெரிசலான தளங்களும் ஒரு காரணம்.

எட்டாம்பீட் எழுதியது:

3&4 இப்போது தகிடவில் விழுகிறது. 5 திறந்துவிட்டது, 180-ல் தள்ளாமல் ஆட முடிகிறது. அடுத்த கேள்வி: கால் வேறுபாடுகள். ஃபாலோ 7&8-ல் ஏதாவது புதிதாகச் செய்தால் அடுத்த 1-ல் தவறான காலில் நிற்கிறார். லீடுக்கும் அதே கதை.

கால்கணக்கு எழுதியது:

இதற்கு மனப்பாடம் தேவையில்லை. ஒற்றை, இரட்டை பார்த்தால் போதும். 1-2-லும் 5-6-லும் இரண்டு எடைமாற்றங்கள், அதாவது இரட்டைப்படை. 3&4-லும் 7&8-லும் மூன்று, ஒற்றைப்படை. நீங்கள் வைக்கும் மாற்று அடியும் அதே படையில் இருந்தால் சரியான காலில் வந்து நிற்பீர்கள்.

7&8-க்குப் பதிலாக 7-ல் ஒரே ஒரு மிதி, 8-ல் சும்மா. ஒன்று ஒற்றைப்படை, சரி. 7-ல் சும்மா, 8-ல் மிதி. அதுவும் சரி. 7-ல் ஒன்று, 8-ல் ஒன்று என்று இரண்டு வைத்தால் அடுத்த 1-ல் கால் மாறிவிடும், உங்களுக்கு நடப்பது இதுவாகத்தான் இருக்கும். 1-2-ல் கிக் பால் சேஞ்ச்: 1-ல் உதை, அதற்கு எடை இல்லை. &-ல் அதே காலின் முன்பாதம், 2-ல் மறுகால். எடைமாற்றம் இரண்டு, சரி. 1-ல் உதைத்து 2-ல் காலை இழுத்துக்கொண்டு எதையும் மிதிக்காமல் இருந்தாலும் பூஜ்யம் இரட்டைப்படைதான், 3-க்குச் சரியான கால் காலியாக இருக்கும்.

எடை ஏறாத தட்டலையும் உதையையும் எண்ணக்கூடாது. பலர் தவறுவது அங்கேதான்.

மெல்லடி எழுதியது:

வேறுபாடு வைக்கும் இடமும் முக்கியம். ஃபாலோவுக்கு 7&8, 1-2 இரண்டும் சொந்த இடம், அங்கே லீட் எந்தத் திசையும் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. 3&4-லும் 5-லும் இருவர் எடையும் பின்னிக் கிடக்கிறது, அங்கே கால்வேலை காட்டினால் மறுபக்கம் அது இடியாகவே போய்ச் சேரும். 7&8-ல் லேசாக நீட்டித் தாமதிக்க நினைத்தால் கை இழுவிசை மாறாமல் இருக்கட்டும். லீட் அதை உணர்ந்து தன் 1-ஐயும் தாமதித்து வைப்பார். பிராஸ் (ட்ரம்பெட், ட்ராம்போன்) பகுதி சட்டென வெட்டி நிறுத்தும் இடத்தில் இருவரும் அப்படித் தாமதித்து நின்றால் அதற்கு மேல் எந்த அலங்காரமும் வேண்டாம்.

வலதுகரம் எழுதியது:

200-க்கு மேலே போகப் போவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அடியின் நீளத்தைப் பாதியாக்குங்கள், பல்ஸைச் சிறிதாக்குங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள். ஃபாலோவைத் தூரமாக அனுப்பாதீர்கள். முழங்கை முழுதாக நீளும் தூரம் போனால் திரும்பிவர ஒரு பீட் போதாது. மூச்சு வாங்கினால் தோள் ஏறும், தோள் ஏறினால் கைப்பிடி இறுகும். அப்போது இரண்டு எட்டு எண்ணிக்கைக்கு நெருங்கிய பிடியில் இடத்திலேயே ஆடி மூச்சு வாங்கிக்கொண்டு தொடருங்கள். ஹெல்ஸாபாப்பின் காட்சி 300 பீட்டை ஒட்டிய வேகம், அது திரைக்காகத் தொகுத்த ஆட்டம். சமூக ஆட்டத் தளத்தில் அதை அளவுகோலாக வைக்க வேண்டாம். துணையைக் காற்றில் தூக்கிப் புரட்டும் ஏர் ஸ்டெப்புகளும் அப்படியே. 1935-ல் சவாய்ப் போட்டியில் ஃபிராங்கி மேனிங்கும் ஃப்ரீடா வாஷிங்டனும் முதுகின் மேலே புரட்டிக் காட்டியபோது கூட அது முன்கூட்டியே பயிற்சி செய்த ஒன்று. தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் பழகவும் கூடாது, கூட்டத்துக்கு நடுவே போடவும் கூடாது.

தகிட எழுதியது:

யாரும் செருப்பைப் பற்றிப் பேசவில்லை. ரப்பர் அடிப்பாகம் உள்ள ஓட்டச் செருப்பில் ஸ்விவல் பழகினால் பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும், திருப்பம் முழுவதையும் முட்டி வாங்கும். தோல் அடிப்பாகம், இல்லாவிட்டால் கான்வாஸ் ஷூவின் அடியில் மெல்லிய ஸ்வேட் (சொரசொரப்பான மென்தோல்) ஒட்டியது. ஸ்வேட் தேய்ந்து பளபளத்தால் கம்பித் தூரிகையால் கீறிவிடுங்கள். டைல்ஸ், மொசைக் தரையில் ஸ்வேட் வழுக்கும், அங்கே பழைய, தேய்ந்த ரப்பரே தேவலை. சிமெண்டுத் தரையில் குதிக்கிற பயிற்சி வேண்டாம். தரையில் பவுடர் தூவுவது உங்களுக்கு வசதி, அடுத்த ஜோடிக்கு ஆபத்து.

எட்டாம்பீட் எழுதியது:

கடைசியாக ஒன்று. காலியாக இருக்கும் கையை என்ன செய்வது? ஃபாலோவின் இடது கையும் லீடின் வலது கையும் 7&8-ல் செத்துத் தொங்குகின்றன.

மெல்லடி எழுதியது:

கையைத் தனியாக வைக்கப் பார்த்தால் செயற்கையாகத்தான் இருக்கும். முழங்கையை விலா எலும்பிலிருந்து ஒரு சாண் விலக்கி வையுங்கள், உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும், விரல்களில் உயிர் இருக்கட்டும். அவ்வளவு போதும். ஸ்விவலில் இடுப்பு திரும்பும்போது அந்தக் கை எதிர்ப்பக்கம் தானாக ஆடும், தடுக்காதீர்கள். லீடுக்கு 5-ல் மார்பு திறந்த வேகத்திலேயே வலது கை பின்னால் நீளும். அதை இடுப்பு உயரத்தில் நிறுத்துங்கள், தோளுக்கு மேலே போனால் பக்கத்தில் ஆடுபவர் முகத்தில் படும்.

ஒரு கண்ணாடி முன் நின்று 7&8-ஐ மட்டும் நூறு பீட் வேகத்தில் ஆடுங்கள். கையைப் பார்க்காதீர்கள், முட்டியைப் பாருங்கள். முட்டி அமுங்குகிற நேரத்தில் கையும் கனத்து இறங்கினால் சரியாக வந்துவிட்டது.